‘நீர்கொள் படுகை’: நிலத்தடி நீரியல் கலைச்சொல் ஒன்றன் பொருளும் வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

நிலத்தடி நீர் பற்றிய அறிவியலில் ‘அக்விஃபர்’ என்பது அடிப்படைச் சொல்லாகும். தமிழில் இதற்கு நீர்கொள் படுகை, நீர்த்தாங்கி, நீர்கொள் பாறை, நிலத்தடி நீர்த்தேக்கம் முதலிய பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் பெருவழக்குப் பெற்றுவரும் ‘நீர்கொள் படுகை’ என்பதன் இரு உறுப்புகளையும் சொற்பொருள், இலக்கணம், நிலவியல் ஆகிய மூன்று நோக்கில் ஆராய்ந்து, ‘கொள்’ என்னும் வினையும் ‘படுகை’ என்னும் பெயரும் மூலக்கருத்தை எவ்வளவு உணர்த்துகின்றன, எங்கே வழுவுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், நிலத்தடி நீர், நீர்கொள் படுகை, வினைத்தொகை, கடினப்பாறை, ஊற்று.

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொற்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளைச் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. மண்ணையும் நீரையும் பற்றிய துறைச்சொற்கள் அவ்வளவாகக் கருதப்படவில்லை. அவை எளியவை, நாட்டுவழக்கில் முன்னரே உள்ளவை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். நீர், நிலம், கிணறு, ஊற்று என்பன யாவரும் அறிந்த சொற்கள்தாம். ஆயினும் அறிந்த சொற்களைக் கொண்டு அறியாத கருத்தொன்றைக் கட்டும்போதுதான் பிழை மிக எளிதில் நுழைகின்றது. புதிய ஒலிபெயர்ப்புச் சொல்லைக் கேட்பவர் அதன் பொருள் யாதென வினவுவார். ‘படுகை’ எனக் கேட்பவரோ தமக்குத் தெரிந்த படுகையை மனத்திற்கொண்டு மேலே சென்றுவிடுவார்.

‘அக்விஃபர்’ என்னும் சொல்லின் தமிழாக்கம் இவ்வகைச் சிக்கலுக்குத் தக்க சான்றாகும். இது வெறும் அகராதிச் சிக்கலன்று. தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப்பாறைப் பகுதி. எஞ்சிய 27 விழுக்காடே படிவுப்பாறையும் வண்டலும் அமைந்த பகுதி. முதற்பகுதியில் நிலத்தடி நீர் இருக்கும் முறை வேறு, இரண்டாம் பகுதியில் இருக்கும் முறை வேறு. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் குறிக்கும்போது அச்சொல் எதனை மனக்கண்முன் நிறுத்துகின்றது என்பது, கிணறு வெட்டுவோர்க்கும் சட்டம் இயற்றுவோர்க்கும் பாடம் நடத்துவோர்க்கும் பொருட்படுத்தத்தக்க வினாவாகும்.

துறைப்பெயர் குறித்து ஒரு குறிப்பு

முதலில் துறையின் பெயரைச் சுருக்கமாக நோக்கலாம். ‘ஹைட்ரோஜியாலஜி’ என்னும் சொல்லை 1802-இல் தம் நூலொன்றுக்குப் பெயராகச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்கையறிஞர் லமார்க். எனினும் அந்நூல் இன்றைய பொருளில் நிலத்தடி நீரைப் பற்றியதன்று. நிலப்பரப்பை நீர் எவ்வாறு அரித்தும் படிவித்தும் உருவாக்குகின்றது என்பதைப் பற்றியது. சொல் முன்னே பிறந்து, அதற்குரிய துறை பின்னர் வந்து அதனுள் குடிபுகுந்தது எனலாம். பின்னாளில் இதன் உறுப்புகளை முன்பின்னாக மாற்றி ‘ஜியோஹைட்ராலஜி’ என்னும் சொல்லும் தோன்றியது. முன்னது நிலவியலாரின் நோக்கையும் பின்னது நீரியலாரின் நோக்கையும் மேற்படுத்துவதாகக் கொள்வர். இரண்டனுக்கும் இடையே கூர்மையான எல்லை இல்லை.

தமிழில் இவ்விரண்டையும் முறையே நீர்நிலவியல், நிலநீரியல் என வழங்குவதில் இடர்ப்பாடு இல்லை. தமிழ்த்தொகையிலும் பின்மொழியே பெரும்பாலும் தலைமைப் பொருளை ஏற்பதால் வேறுபாடு தானே புலப்படும். ஆனால் ‘நிலவியல்’ என்பதே ஐயத்திற்கு இடந்தரும் வடிவம். நிலம் என்பதன் மகரம் கெட்டு இயல் என்பதோடு வகர உடம்படுமெய் பெற்றுப் புணரினும் நிலவியல். நிலவு என்பதன் ஈற்று உகரம் கெட்டுப் புணரினும் நிலவியல். முற்றியலுகரமும் ஒரோவழிக் கெடும் என்பது நன்னூல் ஒப்பும் முடிபு. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘புவிச்சரிதவியல்’ இந்த ஐயத்திற்கு இடந்தரவில்லை என்பதை நோக்கத் தமிழகத்தார் அதனைப் பரிசீலித்திருக்கலாம். அவ்வாறே ‘நிலத்தடி நீர்’ எனத் தமிழகம் வழங்குவதை இலங்கையார் ‘நிலக்கீழ் நீர்’ என்பர். இவ்விரண்டும் பொருளால் ஒன்றே. இரண்டும் அறிவியல் வரையறையைவிட அகன்றவை என்பதும் உண்மை. நிலத்துக்குக் கீழுள்ள நீர் அனைத்தும் நிலத்தடி நீரன்று. மண்ணின் மேலடுக்கில் காற்றோடு கலந்து நிற்கும் ஈரம் நீங்கலாக, இடைவெளிகள் முற்றும் நீரால் நிறைந்த பகுதியில் உள்ளதே அப்பெயர்க்குரியது.

மூலச்சொல்லின் பொருள்

‘அக்விஃபர்’ என்பது இலத்தீனில் நீரைக் குறிக்கும் ‘அக்வா’, சுமத்தல், ஏந்துதல், கொணர்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஃபெர்ரே’ என்னும் இரு சொற்களின் கூட்டு. ‘ஃபெர்ரே’ என்பதில் இரு பொருட்கூறுகள் பிணைந்துள்ளன. ஒன்று தன்மேல் அல்லது தன்னுள் வைத்திருத்தல். மற்றொன்று கொண்டுவந்து தருதல். மரம் கனியைச் ‘சுமக்கின்றது’ என்னும்போது அது கனியைத் தருகின்றது என்பதும் உடன் பெறப்படுவதைப் போன்றது இது. இவ்விரண்டாங் கூறே துறையின் வரையறையில் முதன்மை பெறுகின்றது.

அமெரிக்க நிலவியல் அளவைத்துறையைச் சேர்ந்த ஆஸ்கார் மைன்ஸர் 1923-இல் வெளியிட்ட வரையறைத் தொகுப்பு இத்துறையின் சொற்களை ஒழுங்குபடுத்தியதில் பெரும்பங்கு கொண்டது. அது முதல் இன்றுவரை வழங்கும் கருத்தின் சாரம் இது: கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் பயன்படத்தக்க அளவில் நீரைத் தரவல்ல பாறையமைவே அக்விஃபர். பாறை என்பது ஈண்டு நிலவியற் பொருளில் மணல், சரளை முதலிய தளர்படிவுகளையும் உள்ளடக்கும். ‘பயன்படத்தக்க அளவு’ என்பது சார்புடையது. தஞ்சை வண்டல் நிலத்தில் பொருட்படுத்தப்படாத சிற்றளவு நீர்வரத்து, பல்லடம் அல்லது நாமக்கல் பகுதியில் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமாக இருக்கலாம். ஒரே இயல்புடைய பாறை ஓரிடத்தில் இப்பெயருக்கு உரியதாகவும் பிறிதோரிடத்தில் உரியதல்லாததாகவும் ஆவது இதனால்தான். எனவே இச்சொல், பாறையின் வகையைக் கூறும் பெயரன்று. பாறைக்கும் அதனின்று நீர் பெறுவோர்க்கும் இடையிலான உறவைக் கூறும் பெயர்.

‘கொள்’ என்னும் வினை

‘நீர்கொள் படுகை’ என்பதில் ‘கொள்படுகை’ வினைத்தொகையாகும். காலங்காட்டாமல் முக்காலத்துக்கும் பொதுவாய் நிற்பது வினைத்தொகையின் இயல்பாதலின், கலைச்சொல்லாக்கத்திற்கு இது மிகவும் ஏற்ற வடிவம். ஏவுகணை, உந்துவிசை, சுடுபொருள் என எத்தனையோ சொற்கள் இவ்வடிவில் செம்மையுற அமைந்துள்ளன. வடிவத்தில் குறை ஏதும் இல்லை. குறை வினையின் தேர்வில் உள்ளது.

கொள்ளுதல் என்பது ஏற்றல், உட்கொண்டிருத்தல், கொள்ளளவுடையதாதல் ஆகிய பொருள்களைத் தரும். ‘இக்குடம் எத்தனை படி கொள்ளும்’ என்னும் வழக்கை நோக்குக. இப்பொருளில் எடுத்துக்கொண்டால், மணலைவிடக் களிமண்ணே சிறந்த நீர்கொள் படுகையாக வேண்டும். களிமண்ணின் புரைமை, அதாவது மொத்தக் கன அளவில் இடைவெளிகளின் பங்கு, பொதுவாக 40 விழுக்காட்டுக்கும் மேற்படும். சிலபோது 60-ஐயும் தாண்டும். மணலின் புரைமையோ 25 முதல் 50 விழுக்காடு வரை. கொள்ளும் அளவால் களிமண் மணலுக்குக் குறைந்ததன்று. ஆனால் களிமண்ணில் வெட்டிய கிணற்றில் நீர் ஊறுவதில்லை. அதன் இடைவெளிகள் மிக நுண்ணியவை ஆதலின் நீர் துகள்களோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முற்றும் நீர் நிறைந்த களிமண்ணை ஈர்ப்பு விசைக்கு விட்டால் வடிந்து வெளிவருவது அதன் கன அளவில் இரண்டு மூன்று விழுக்காடே. பருமணலினின்று வடிவது 20 விழுக்காட்டுக்கும் மிகுதி.

இவ்வேறுபாட்டை நீரியலாரே இரு தனி அளவுகளாகப் பிரித்துள்ளனர். நிறைந்த பாறை ஈர்ப்பினால் வெளிவிடும் நீரின் பங்கு ஒன்று. வெளிவிடாமல் தன்னுள் நிறுத்திக்கொள்ளும் பங்கு மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே புரைமை. முன்னதைத் ‘தருவளவு’ என்றும் பின்னதைக் ‘கொள்வளவு’ என்றும் தமிழாக்கினால் இத்துறையின் நடுவான கருத்து இரண்டே வினைகளில் அடங்கிவிடும்: கொள், தா. இவற்றுள் அக்விஃபரைப் பிற பாறையமைவுகளினின்று வேறுபடுத்துவது தருதலேயன்றிக் கொள்ளுதல் அன்று. ‘நீர்கொள் படுகை’ என்னும் ஆக்கம் இலத்தீன் வினையின் ஒரு கூற்றை மட்டும் பற்றிக்கொண்டு, வரையறைக்கு இன்றியமையாத மறுகூற்றை விட்டுவிட்டது. ‘நீர்த்தாங்கி’க்கும் இதே குறை உண்டு. அன்றியும் அது சுமைதாங்கி, இடிதாங்கி என்பனபோல் ஒரு கருவியின் தோற்றத்தையும் தருகின்றது.

இலத்தீன் வினையின் இருபொருளையும் ஒருங்கே தரும் தமிழ்ச்சொல் இல்லையா எனின், ‘பொறை’ நினைவுக்கு வரும். சுமத்தல் என்பதோடு பாறை, குன்று என்னும் பொருள்களும் அதற்குண்டு. சேரர் குடிப்பெயராகிய இரும்பொறையிலும் அது பயில்கின்றது. தன்னைத் தோண்டுவாரையே தாங்கும் நிலத்தை உவமையாக்கிப் பொறையுடைமையைத் திருவள்ளுவர் தொடங்குவதும் ஆழ்துளைக் கிணறுகளின் இக்காலத்தில் புதுப்பொருள் தருவதே. எனினும் ‘நீர்ப்பொறை’ என்னும் ஆக்கம் புலவர்க்கு இனிக்குமேயன்றி, இன்று பொறை எனின் பொறுமை என்றே கொள்ளும் மாணவர்க்கு உதவாது. அதனைப் பரிந்துரைக்க இயலவில்லை.

‘தரு’ என்பதை ஏன் விரும்பவேண்டும் என்பதற்கு இலக்கணச் சார்பும் உண்டு. கொடுத்தலைக் குறிக்கும் வினைகளுள் தருதல் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களை நோக்கியும், கொடுத்தல் படர்க்கையை நோக்கியும் வரும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்து மரபு. அக்விஃபர் என்பது நீர் பெறுவோராகிய நம்மை நோக்கிய வரையறை ஆதலின், மரபுப்படி ‘தரு’வே பொருந்தும். (தொல்காப்பியர் கூறிய ‘தரவு’ இன்று கணினித்துறையில் வேறொரு பொருளுக்கு உரிமையாகிவிட்டது, ஆகவே ‘நீர்த்தரவு’ எனத் தொழிற்பெயராக்கும் வழி அடைபட்டுவிட்டது.)

‘படுகை’ என்னும் பெயர்

படு என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு ஆற்றோரத்து வண்டல் நிலம் என்பது நாட்டுவழக்குப் பொருள். காவிரிக்கரை ஊர்களில் ‘படுகைத் தோப்பு’, ‘படுகையில் வாழை’ என இன்றும் வழங்கும். பின்னர் ஆற்றின் அடித்தளம் ‘ஆற்றுப்படுகை’ எனப்பட்டது. மூன்றாவதாக, ஓர் ஆற்றுக்கு நீர் வந்துசேரும் முழுநிலப்பரப்பும் ‘காவிரிப் படுகை’ என்னும் தொடரில் படுகை ஆயிற்று. இதனை ‘வடிநிலம்’ என்பாரும் உளர். நான்காவதாக, எண்ணெய், எரிவளி ஆய்வினர் கூறும் ‘காவிரிப் படுகை’ வேறு. அது பன்னெடுங்காலத்துப் படிவுகள் நிரம்பிய நிலவியற் பள்ளம். காவிரியின் நீர்வடி எல்லைக்குள் அடங்காமல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து இராமநாதபுரம் வரையிலும் கடலடியிலும் பரந்தது. ஐந்தாவதாக இப்போது ‘நீர்கொள் படுகை’.

ஐந்து கருத்துகளுக்கு ஒரே தலைச்சொல் அமைந்ததன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. ‘காவிரிப் படுகையில் நிலத்தடி நீர்’ என்னும் செய்தித்தலைப்பு, ஆற்றோரத்தைக் குறிக்கின்றதா, கருநாடகம் வரை நீளும் வடிநிலத்தைக் குறிக்கின்றதா, ஆழ்படிவுப் பள்ளத்தைக் குறிக்கின்றதா என்பதைச் சூழல் கொண்டே உணரவேண்டியுள்ளது. எரிவளித் திட்டங்களைப் பற்றிய பொதுவுரையாடல்களில் மூன்றாம் பொருளும் நான்காம் பொருளும் ஒன்றோடொன்று மயங்கி வழங்கியதை அக்காலத்து இதழ்களைப் புரட்டுவோர் காணலாம்.

இதனினும் ஆழ்ந்த சிக்கல் கடினப்பாறைப் பகுதியில் எழுகின்றது. படுகை எனின் படிந்தது, பரந்தது, தொடர்ச்சியுடையது என்னும் தோற்றம் மனத்தில் எழும். மணலும் மணற்கல்லும் இத்தோற்றத்துக்கு இயையும். சார்னோகைட், நைஸ், கிரானைட் ஆகிய பாறைகளால் ஆன கொங்கு மண்டலத்திலோ, மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களிலோ அவ்வாறான படுகை இல்லை. ஆங்கு நீர் இரு வகையாக உள்ளது. மேலே சில மீட்டர் முதல் ஏறத்தாழ 30 மீட்டர் வரை, பாறை சிதைந்து பொடிந்த அடுக்கில், மணலில் உள்ளதைப்போல் நீர் பரவலாகத் தங்கியிருக்கும். திறந்த கிணறுகள் இதனையே நம்பின. அதன்கீழ்த் திண்பாறையில் நீர் இருப்பது வெடிப்புகளில் மட்டுமே. ஆழ்துளைக் கிணறு வெடிப்பைச் சந்தித்தால் நீர் உண்டு. பத்தடி தள்ளித் துளைத்தது சந்திக்காவிட்டால் ஆயிரம் அடியிலும் புழுதிதான். இருவரின் நிலமும் ஒரே ‘படுகை’யின் மேல் இருப்பதாகக் கேட்ட உழவர், அண்டைக் காட்டில் கிடைத்த நீர் தம் காட்டிலும் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தின் விலை பல இலட்சம் ரூபாய்க் கடனாக முடிவதை ஊர்தோறும் காணலாம். இக்கடனுக்கெல்லாம் ஒரு சொல்லே பொறுப்பென்று கூறுவது மிகை. ஆயினும் தவறான சொல் தவறான எதிர்பார்ப்புக்குத் துணைசெய்கின்றது என்பதை மறுக்கவியலாது.

‘நிலத்தடி நீர்த்தேக்கம்’ என்பது இன்னும் பொருந்தாது. தேக்கம் எனின் ஏரியும் அணையும் தோன்றும். மண்ணுக்கடியில் ஏரியொன்று ததும்பிக்கொண்டிருப்பதாக நம்புவோர் இன்றும் உள்ளனர்; சுண்ணக்கல் குகைகள் உள்ள யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற இடங்களில் அந்நம்பிக்கைக்குச் சிறிது இடமுண்டு. ஆங்கும் குடிநீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லையாகவே உள்ளது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் உண்டு என்பது அறியப்பட்ட கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைவதன் பொருள் கீழே 40 மீட்டர் குறைவதாகும். தேக்கம் என்னும் சொல் இந்நொய்மையை உணர்த்தாது.

பழைய வழக்கில் எது பெயர்பெற்றது?

தமிழில் நிலத்தடி நீர் சார்ந்த சொற்களுக்குப் பஞ்சமில்லை. கேணி, கூவல், கிணறு, துரவு, பத்தல், சுனை, அசும்பு, ஊற்று, ஊற்றுக்கண் எனப் பட்டியல் நீளும். கூவல் ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் உண்டு. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில், கொங்கர் நாட்டில் வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய பத்தலில் சிறிதே ஊறிய நீரைக் கயிறு கட்டிய முகவையால் எடுப்பதும் அதனை ஆக்கள் மொய்ப்பதும் கூறப்படுகின்றன. கடினப்பாறை நிலத்தின் நீரியலை இதனினும் துல்லியமாகச் சொல்வது அரிது: தோண்டுதல் கடினம், ஊறுவது சிறிது, அதனை நாடுவன பல. திருக்குறளின் கல்வி அதிகாரத்து மணற்கேணியோ இதற்கு மறுதலையான நிலத்தைச் சார்ந்தது. மணலில் ஆழம் மிக மிக நீர்வரத்து மிகும். பாறையில் அவ்வுறுதி இல்லை. வள்ளுவர் கேணி என்று மட்டும் கூறாமல் மணற்கேணி என்று விதந்தது உவமையின் செம்மைக்கு இன்றியமையாதது என்பதை உரைகாரர் எவரினும் கொங்குநாட்டு உழவர் விரைந்து உணர்வர்.

இப்பட்டியலை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலனாகும. இச்சொற்கள் யாவும் நீர் வெளிப்படும் இடத்தையோ, அதற்காக மனிதன் அமைத்த குழியையோ குறிக்கின்றன. நீரைத் தன்னுள் வைத்திருந்து தரும் பாறைக்குப் பெயர் இல்லை. கண்ணுக்குப் பெயர் உண்டு, உடலுக்கு இல்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. வராகமிகிரர் தம் பிருகத்சங்கிதையில் நிலத்தடி நீருக்கென ஓர் அதிகாரமே வகுத்தபோதும், மனித உடலின் குருதிநாளங்களைப்போல் நிலத்தினுள் நீர்நாளங்கள் மேலும் கீழுமாக ஓடுவதாகவே கருதினார். நாட்டுவழக்கில் ‘நீரோட்டம் பார்த்தல்’ என்பதும் இக்கருத்தின் தொடர்ச்சியே. நாளத்திற்குப் பெயர் இருக்க, பாறைப்பரப்புக்குப் பெயர் தேவைப்படவில்லை.

நாளக்கருத்து சட்டத்திலும் இடம்பெற்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் 7-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டொன்றில், வரையறுத்த ஓடுபாதை வழியே செல்லாத நிலத்தடி நீரை நில உரிமையாளர் தம் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமையை ஒப்புகின்றது. ஓடுபாதை இருந்தால் ஒரு நெறி, இல்லாவிட்டால் மற்றொரு நெறி. பல ஊர்களின் அடியில் பரந்து, ஒருவர் இறைத்தால் மற்றவர் கிணறு இறங்கும் பொதுவான பாறையமைவு என்னும் கருத்து இவ்விரு பகுப்புக்குள்ளும் அடங்கவில்லை. தமிழகத்தில் நிலத்தடி நீருக்கென 2003-இல் இயற்றப்பட்ட சட்டம் 2013-இல் நீக்கப்பட்டது. ஆகவே ‘என் கிணற்று ஊற்று’ என்னும் பேச்சுவழக்கின் உடைமைப்பொருள் சட்டத்தாலும் வலுப்பெற்றே நிற்கின்றது. இந்நிலையில் பாறையமைவைப் பொதுவுடைமையாக உணர்த்தும் பெயரொன்று மக்கள் வழக்கில் நிலைபெறுவது மொழிநலம் மட்டும் பற்றியதன்று.

நால்வகை அடுக்குகள்

கலைச்சொல் தனித்து நிற்பதில்லை. தன் இனச்சொற்களோடு சேர்ந்தே நிற்கும். அக்விஃபரோடு அக்விடார்டு, அக்விக்ளூடு, அக்விஃபியூஜ் என மூன்று சொற்கள் உள்ளன. இவற்றின் பின்னுறுப்புகள் முறையே தாமதம், அடைப்பு, ஓட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் இலத்தீன் அடிகள். நீரை மிக மெதுவாகக் கசியவிடுவது இரண்டாவது. நீர் நிறைந்திருந்தும் தாராதது மூன்றாவது; களிமண் இதற்குச் சான்று. நீரைக் கொள்ளவும் செய்யாது தரவும் செய்யாது என்னும் வெடிப்பற்ற கிரானைட் நான்காவது. ‘நீர்கொள் படுகை’ என்பதை முதலாவதற்குச் சூட்டிவிட்டால், நீரைக் கொண்டிருந்தும் தாராத மூன்றாவதற்கு என்ன பெயர் வைப்பது?

கொள், தா என்னும் இரு வினைகளையும் அவற்றின் எதிர்மறைகளையும் கொண்டு இந்நான்கையும் எளிதில் பிரிக்கலாம். நீர்தரு அடுக்கு, நீர்கசி அடுக்கு, நீர்தரா அடுக்கு, நீர்கொள்ளா அடுக்கு எனலாம். முன்னிரண்டும் வினைத்தொகை, பின்னிரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர்கள். கொள்ளாதது தரவியலாது ஆதலின் நான்காவதற்கு ஒரு மறையே போதும். ‘படுகை’க்கு மாற்றாக ‘அடுக்கு’ என்றது, சிதைந்த பாறைப்பகுதியும் வெடிப்புற்ற பகுதியும் நிலவியலாரால் அடுக்குகளாகவே வரைந்து காட்டப்படுவதனால். இதுவும் முழுநிறைவானதன்று, தனித்த ஒரு வெடிப்பை அடுக்கு என்பது நெருடலே. அத்தகைய இடங்களில் நீர்தரு வெடிப்பு, நீர்தரு மணல், நீர்தரு சுண்ணக்கல் என அவ்வப் பாறைப்பெயரையே தலைச்சொல்லாக்கலாம். ‘நீர்தரு’ என்னும் அடை மாறாது நிற்க, பெயர் நிலத்துக்கேற்ப மாறும்.

நீர்மட்டமும் அழுத்தமட்டமும்

இறுதியாக, நீர்தரு அடுக்கோடு சேர்ந்தே வழங்கும் ‘நீர்மட்டம்’ பற்றி ஒன்று கூறவேண்டும். (மொழிபெயர்ப்புப் பக்கங்களில் தலைகாட்டும் ‘நீர் அட்டவணை’யைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை.) திறந்த நீர்தரு அடுக்கில், கிணற்றில் தெரியும் நீரின் மட்டமும் நிலத்தினுள் நீர் நிறைந்த பகுதியின் மேல்மட்டமும் ஒன்றே. நீர்தரா அடுக்கின்கீழ் மூடுண்ட நிலையில் அவ்வாறன்று. நெய்வேலி இதற்குத் தமிழகம் அறிந்த சான்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தானே பொங்கும் கிணறுகள் தோண்டப்பட்டபோதுதான் ஆங்குப் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரியவந்தது. நிலக்கரியின்கீழ் உள்ள மணற்கல்லில் நீர் மூடுண்டு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகின்றது. இடைவிடாது இறைத்து இவ்வழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். இத்தகைய அடுக்கில் இறக்கிய குழாயில் நீர் ஏறிநிற்கும் உயரம் நீரின் மட்டமன்று, அழுத்தத்தின் அளவு. அதனை ‘அழுத்தமட்டம்’ எனப் பிரித்து வழங்கினாலன்றி, நெய்வேலியில் நீர்மட்டம் இறங்கியது என்னும் செய்தி, மணற்கல் வறண்டது என்று பொருள்படுமா, அழுத்தம் தணிந்தது என்று பொருள்படுமா எனத் தெரியாது. அண்டை ஊர்களின் கிணறுகளுக்கும் சுரங்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

துளையிடுவோரின் பேச்சில் இத்தகைய நுட்பங்கள் சில முன்னரே உண்டு. கொங்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றின் வரத்தை ‘ரெண்டு இஞ்ச் தண்ணி’, ‘மூணு இஞ்ச் தண்ணி’ என அளந்து கூறுவர். இது ஆழத்தையோ மட்டத்தையோ குறிப்பதன்று. பாறை எவ்வளவு தருகின்றது என்பதைக் குறிப்பது. வரத்து நின்றபின் ‘கிணறு வத்திருச்சு’ என்பதற்கும் ‘ஊத்து அடைச்சிருச்சு’ என்பதற்கும் அவர்கள் வேறுபாடு காண்பர். முன்னது அடுக்கில் நீரின்மை, பின்னது வழியின்மை. நிலநீரியல் கலைச்சொல் தொகுதிகளில் இவ்வழக்குகள் இதுவரை தனிப்பதிவுகளாக இடம்பெறவில்லை எனில், அடுத்துத் தொகுப்போர் இலத்தீன் அடிகளோடு இவற்றையும் அருகருகே வைத்துத் தொடங்கலாம்.